ஒரு தொப்பி, இரண்டு ஊர்: விடுதலைத் தொப்பி என்றால் என்ன?

2024இல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தபோது டிவியில் அடிக்கடி ஒரு சிவப்புப் பொம்மை வந்து போனது. முக்கோண உடம்பு, உச்சி ஒரு பக்கம் மடங்கியிருக்கும், கீழே இரண்டு கால். எங்கள் வீட்டில் முதல் நாள் “குடைமிளகாயா அது?” என்று கேட்டார்கள். மறுநாள் “இல்லை, ஏதோ தீச்சுடர்” என்று முடிவுசெய்தார்கள். அது ஒரு தொப்பி. பெயர் ‘ஃபிரீஜ்’. ஒலிம்பிக் என்றால் ஏதாவது ஒரு விலங்கைப் பொம்மையாக்குவதுதான் பெரும்பாலும் வழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் தொப்பிக்குக் கை கால் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

அதையொட்டி இணையத்தில் சுற்றிய விளக்கங்கள்தான் என்னை எழுத வைத்தன. “ரோமாபுரியில் அடிமைகள் விடுதலையானதும் அணிந்த ஃபிரிஜியத் தொப்பி இது” என்று ஒருவர் எழுதினால் நாலு பேர் அதை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். அந்த வரியில் பாதி சரி, பாதி தவறு. ரோமில் விடுதலையான அடிமை தொப்பி அணிந்தார் என்பது சரி. அது ஃபிரிஜியத் தொப்பி என்பது தவறு. இரண்டும் வேறு வேறு தொப்பிகள், வேறு வேறு ஊர்கள், வேறு வேறு பொருள்கள். நடுவில் எங்கோ ஒன்றின் பொருள் இன்னொன்றின் தலையில் ஏறிக்கொண்டது. எப்படி என்று பார்க்கலாம்.

முதலில், தோளில் கிடக்கும் துண்டு

தொப்பிக்கும் விடுதலைக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கிறவர்கள் நம்மூர்த் துண்டை நினைத்துப் பார்த்தால் போதும். பண்ணையார் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், இல்லையென்றால் கக்கத்தில் இடுக்க வேண்டும் என்று ஒடுக்கப்பட்ட சாதியினர்மேல் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எடுக்காமல் நின்றால் அடி விழும். பிற்பாடு அதே துண்டைத் தோளிலிருந்து இறக்காமல் தெருவில் நடந்து போவதே ஒரு போராட்டமாயிற்று. துண்டு என்னவோ வெறும் பருத்தித் துணிதான். அது உடம்பில் எங்கே கிடக்கிறது என்பதை வைத்தே, இவர் யாருக்குக் கட்டுப்பட்டவர், யாருக்குக் கட்டுப்படாதவர் என்று ஊர் படித்துவிடும்.

சின்னம் என்பது இதுதான்: பார்த்த மாத்திரத்தில், ஒரு வார்த்தை பேசாமல், ஊருக்கெல்லாம் ஒரே செய்தியைச் சொல்லிவிடும் பொருள். செய்தி பொருளுக்குள் இருப்பதில்லை, பார்க்கிறவர்களின் பழக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் சின்னம் கைமாறும்போது செய்தியும் மாறிவிடுகிறது. பட்டமளிப்பு விழாவின் கறுப்புத் தொப்பியைப் பாருங்கள். ஒரு காலத்தில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்தவர் தலையில் மட்டும் ஏறியது. இன்று எல்.கே.ஜி. முடித்த பிள்ளைக்கும் அங்கி போட்டு, தொப்பி வைத்து, போட்டோ எடுத்து, அதற்குத் தனியாகக் காசும் வாங்கிவிடுகிறார்கள். தொப்பி அதேதான்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ரோமுக்குப் போவோம்.

ரோமில் ஓர் அடிமை எப்படி விடுதலையானார்?

ரோமானியச் சட்டத்தில் அடிமை ஒரு சொத்து. மாட்டை விற்பதுபோல அவரையும் விற்கலாம். ஆனால் எசமானர் மனம் வைத்தால் அவரை விடுவிக்கவும் சட்டத்தில் வழி இருந்தது. இந்த விடுவிப்புக்கு லத்தீனில் ‘மனுமிசியோ’ என்று பெயர். ‘கையிலிருந்து விட்டுவிடுதல்’ என்று பொருள். பெயருக்கு ஏற்றாற்போல் சடங்கும் கை சம்பந்தப்பட்டதுதான். எசமானரும் அடிமையும் நீதி அதிகாரி முன்னால் நிற்பார்கள். ஒருவர் மெல்லிய கோல் ஒன்றால் அடிமையைத் தொட்டு, “இவர் சுதந்திர மனிதர்” என்று அறிவிப்பார். எசமானர் மறுப்புச் சொல்ல மாட்டார். பிடித்திருந்த கையை விடுவார். முடிந்தது. உயில் எழுதி விடுவிப்பதும் உண்டு.

இதற்கு வரியும் இருந்தது. அடிமையின் மதிப்பில் 20இல் ஒரு பங்கு, அதாவது ஐந்து சதவீதம், அரசுக்குக் கட்ட வேண்டும். விடுதலைக்கும் பத்திரப் பதிவுக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தொப்பி. விடுதலையானவர் தலையை மழித்துக்கொள்வார். மொட்டைத் தலைமேல் ‘பிலியஸ்’ என்ற தொப்பியை வைத்துக்கொள்வார். பிலியஸ் என்பது கம்பளி இழைகளை நெய்யாமல் அழுத்தி அழுத்தி உருவாக்கிய கனத்த துணியில் செய்த, விளிம்பில்லாத, கூம்பிய தொப்பி. அவித்த முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தால் எப்படி இருக்கும், ஏறக்குறைய அந்த வடிவம். உச்சி எந்தப் பக்கமும் மடங்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ரோமுக்குத் தெற்கே தெர்ராச்சினா என்ற கடற்கரை ஊரில் ஃபெரோனியா என்ற தெய்வத்தின் கோயிலில் அடிமைகள் மொட்டையடித்துத் தொப்பி வாங்கிக்கொண்டார்கள் என்று பழைய உரையாசிரியர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். கோயில், மொட்டை என்றதும் நமக்கு வேறு நினைப்பு வரும். இங்கே முடி காணிக்கையைவிடத் தலையில் ஏறிய தொப்பிதான் விஷயம்.

ஏன் குறிப்பாகத் தொப்பி? பிலியஸ் ஒன்றும் அரிய பொருளல்ல. மாலுமிகளும் கைத்தொழில் செய்கிறவர்களும் அணிந்த சாதாரணத் தொப்பி. அந்தச் சாதாரணத்தில்தான் செய்தி இருந்தது. “நானும் இனி உங்களில் ஒருவன்” என்று சொல்ல, எல்லோரும் போடுவதையே போட்டால் போதும். இந்தப் பழக்கம் ரோமானியர் பேச்சிலும் ஊறிப்போனது. அடிமைகளுக்கு விடுதலை தருகிறோம், எங்களோடு சேருங்கள் என்று அழைப்பு விடுப்பதை, ‘அடிமைகளைத் தொப்பிக்கு அழைத்தல்’ என்றே சொன்னார்கள்.

இதில் பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. தொப்பி சொன்னது “இவர் சுதந்திரமானவர்” என்பதை மட்டுமல்ல. “இவர் நேற்றுவரை அடிமை, இன்று விடுவிக்கப்பட்டவர்” என்பதையும் சேர்த்துத்தான். சுதந்திரமாகவே பிறந்தவருக்கு அந்தச் சடங்கும் இல்லை, சடங்கில் தொப்பியும் இல்லை. விடுவிக்கப்பட்டவர் பழைய எசமானரின் குடும்பப் பெயரைச் சுமப்பார், அவருக்குச் சில கடமைகள் செய்வார், உயர்பதவிக்குப் போட்டியிட முடியாது. ரோமின் புகழ்பெற்ற பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோவின் எழுத்தராயிருந்த தைரோ என்ற அடிமை கி.மு. 53இல் விடுதலையானபோது மார்கஸ் துல்லியஸ் தைரோ ஆனார். முதலிரண்டு பெயரும் சிசரோவுடையவை. விடுதலைக்குப்பின் பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான் முழுச் சுதந்திரம்.

இந்த ‘நேற்றுவரை அடிமை’ என்ற பகுதியை ரோமானியர் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். ரோமின் எதிரி நாடான கார்த்தேஜில் சிறைப்பட்டிருந்த டெரென்ஷியஸ் குலேயோ என்ற செனட்டரைத் தளபதி ஸ்கிபியோ மீட்டார். கி.மு. 201இல் ஸ்கிபியோவின் வெற்றி ஊர்வலம் ரோமில் நடந்தபோது, அந்தச் செனட்டர் தலையில் பிலியஸ் வைத்துக்கொண்டு தேருக்குப் பின்னால் நடந்து வந்தார். செனட்டர்! “நான் அடிமையாயிருந்தேன், இவர் என்னை விடுவித்தார்” என்பதை அவர் வாய் திறக்காமல் சொன்ன விதம் அது. பித்தினியா நாட்டு அரசர் புருசியாஸ் இன்னும் ஒரு படி போனார். ரோமானியத் தூதர்கள் வந்தபோது தலையை மழித்து, பிலியஸ் வைத்து, “உங்களால் விடுவிக்கப்பட்டவன் நான்” என்று வரவேற்றாராம். ஓர் அரசர் இப்படிக் குழைந்ததை எழுதிவைத்த வரலாற்றாசிரியர் பாலிபியஸுக்கு அருவருப்புத் தாங்கவில்லை.

பந்தாவுக்கும் பஞ்சமில்லை. சில பணக்காரர்கள் உயிலில் நிறைய அடிமைகளை விடுவித்தார்கள். கருணையினால் மட்டுமல்ல, தங்கள் பாடைக்கு முன்னால் தொப்பி போட்ட கூட்டம் ஒன்று போக வேண்டும் என்பதற்காகவும்தான். கி.மு. 2இல் வந்த ஒரு சட்டம், எத்தனை அடிமைகள் வைத்திருந்தாலும் உயில் மூலம் 100 பேருக்கு மேல் விடுவிக்கக் கூடாது என்று வரம்பு போட்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம்: ரோமானிய விடுதலைத் தொப்பியின் பெயர் பிலியஸ். கூம்பிய வடிவம். அது விடுவிக்கப்பட்டதன் அடையாளம்.

கத்திகளுக்கு நடுவே ஒரு தொப்பி

தனி மனிதரின் அடையாளமாயிருந்த இந்தத் தொப்பியை அரசியலுக்குள் இழுத்து வந்தது ஒரு கொலை. கி.மு. 44 மார்ச் 15 அன்று ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்கள் தெருவுக்கு ஓடி வந்தபோது, அவர்களில் ஒருவர் ஈட்டி முனையில் ஒரு பிலியஸைத் தூக்கிப் பிடித்திருந்தார் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து, போர்க்களம் போர்க்களமாக அலைந்துகொண்டிருந்த புரூட்டஸ் (சீசரைக் கொன்றவர்களின் தலைவர்களில் ஒருவர்), படைக்குச் சம்பளம் கொடுக்க ஒரு வெள்ளி நாணயம் அடித்தார். ஒருபுறம் இரண்டு குத்துவாள்கள், நடுவில் ஒரு பிலியஸ், கீழே மார்ச் 15ஐக் குறிக்கும் ‘எய்ட் மார்’ என்ற எழுத்துகள். நாணயத்தின் அகலம் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் முழு வாதமும் அடங்கிவிட்டது: இந்தக் கத்திகள், இந்த நாளில், இந்த விடுதலையைத் தந்தன.

தனி அடிமைக்குப் போட்ட தொப்பியை இங்கே ஒரு ஊருக்கே போட்டுவிட்டார்கள். சீசர் எசமானர், ரோம மக்கள் அடிமைகள், நாங்கள் விடுவித்தோம் என்பது கணக்கு. பிற்காலத்தில் எந்த நாட்டுப் புரட்சிக்காரர் இந்தத் தொப்பியைத் தூக்கினாலும் அதற்கு அடியில் இருப்பது இதே கணக்குதான். நாணயத்தின் மறுபுறம் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: புரூட்டஸின் சொந்த முகம். உயிரோடு இருக்கும்போதே ரோம நாணயத்தில் தன் முகத்தைப் போட்டுக்கொண்டார் என்பது சீசர்மேல் இருந்த புகார்களில் ஒன்று!

அந்த நாணயத்தில் வெள்ளியில் ஏறக்குறைய நூறும் தங்கத்தில் மூன்றும்தான் இன்று அறியப்பட்டவை. தங்கத்தில் ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் போனது. பிறகு அது கள்ளத்தனமாகக் கடத்தப்பட்டது என்று தெரியவந்து, 2023இல் கிரேக்க நாட்டிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

கி.பி. 68இல் நீரோ மன்னர் இறந்த செய்தி பரவியதும் ரோம மக்கள் பிலியஸ் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக ஓடினார்கள். அடுத்துவந்த கால்பா, தன் நாணயங்களில் லிபர்ட்டாஸ் என்ற விடுதலைத் தேவியின் கையில் ஒரு பிலியஸைக் கொடுத்தார். தேவி அதை அணியவில்லை என்பதைக் கவனியுங்கள். கையில்தான் வைத்திருக்கிறாள். அவள் தொப்பி தருகிறவள், பெறுகிறவள் அல்ல.

அப்படியானால் ஃபிரிஜியத் தொப்பி யாருடையது?

ஃபிரிஜியா இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் இருந்த பழைய நாடு. தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் கேட்ட மிடாஸ் அரசர் கதை அந்த நாட்டுடையதுதான். ஃபிரிஜியத் தொப்பி மெத்தென்று இருக்கும், உச்சி நீண்டு முன்பக்கம் மடங்கி விழும். சிலவற்றில் காதுப் பக்கம் தொங்கல் உண்டு.

பழைய கிரேக்க, ரோமானியக் கலைஞர்கள் இந்தத் தொப்பியை வரைந்ததற்கு ஒரே காரணம்தான்: இந்த ஆள் கிழக்கத்தியர், நம்மவர் அல்லர் என்று காட்ட. டிராய் இளவரசன் பாரிஸுக்கு இந்தத் தொப்பி. கிரேக்கக் கதைகளில் போர்செய்யும் அமேசான் பெண்களுக்கு இந்தத் தொப்பி. மித்ரா தெய்வத்துக்கும் இதே. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ராவென்னா நகரத் தேவாலயத்தில் பதித்த வண்ணக் கல் ஓவியத்தில், குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த மூன்று ஞானிகளுக்கும் சிவப்பு ஃபிரிஜியத் தொப்பி இருக்கிறது. அங்கே விடுதலை என்ற பேச்சே இல்லை. பழைய தமிழ் சினிமாவில் வடநாட்டுச் சேட் என்றால் தலையில் கறுப்புக் குல்லா வைத்துவிடுவார்களே, அந்த மாதிரிச் சுருக்கெழுத்து.

வேடிக்கை என்னவென்றால், கிரேக்கர்களுக்கு அடிமைகள் நிறைய வந்த நாடுகளில் ஃபிரிஜியாவும் ஒன்று. அவர்கள் பார்வையில் இந்தத் தொப்பி எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால், விடுதலையின் பக்கம் இல்லை.

இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டன?

பெயர்ப்பலகை இல்லாமல் படம் மட்டும் பயணப்பட்டதால் என்று ஒரே வரியில் சொல்லலாம். கொஞ்சம் விரிவாகப் பார்த்தால் மூன்று ஓடைகள் தெரிகின்றன.

முதல் ஓடை, பொருள். ரோம நாணயங்களையும் நூல்களையும் படித்த ஐரோப்பியர்களுக்கு ‘தொப்பி என்றால் விடுதலை’ என்பது தெரிந்திருந்தது. இத்தாலியரான செசாரே ரீப்பா 1593இல் வெளியிட்ட ஒரு கையேடு, ஓவியர்கள் எந்தக் கருத்தை எப்படி வரைய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது. அதில் விடுதலை என்றால் வெள்ளுடைப் பெண், ஒரு கையில் செங்கோல், மறுகையில் தொப்பி, காலடியில் ஒரு பூனை. பூனை யாருக்கும் அடங்காதாம். வீட்டில் பூனை வளர்க்கிறவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஸ்பெயினை எதிர்த்து விடுதலை பெற்ற நெதர்லாந்துக்காரர்கள் இதே கருத்தை எடுத்துக்கொண்டு, தங்கள் நாட்டுப் பெண்ணுருவத்தின் கையில் ஈட்டியைக் கொடுத்து அதன் முனையில் தொப்பியை மாட்டினார்கள். பிலியஸ் அல்ல, அவர்கள் ஊரில் போடுகிற அகல விளிம்புத் தொப்பி! தொப்பியின் வடிவத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 

(கம்பத்தில் தொப்பி என்றதும் சுவிட்சர்லாந்து வில்லியம் டெல் கதை நினைவுக்கு வரலாம். அது நேர்மாறு. அங்கே கொடுங்கோல் அதிகாரி தன் தொப்பியைக் கம்பத்தில் மாட்டி, எல்லோரும் அதை வணங்க வேண்டும் என்றான். டெல் வணங்க மறுத்தார்.)

இரண்டாம் ஓடை, நிறம். 1675இல் பிரான்ஸின் பிரித்தானி பகுதியில், முத்திரைத் தாள் வரி உள்ளிட்ட வரிகளை எதிர்த்து விவசாயிகள் கலகம் செய்தார்கள். அவர்கள் போட்டிருந்த தொப்பியை வைத்து அதற்குச் ‘சிவப்புத் தொப்பிக் கலகம்’ என்றே பெயர். பிரான்ஸில் உழைக்கிற சனங்கள் குளிருக்குப் போட்ட கம்பளித் தொப்பி மெத்தென்றுதான் இருக்கும், உச்சி தளர்ந்து ஒரு பக்கம் சாயும்.

மூன்றாம் ஓடை, வடிவம். பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர்களுக்குப் பழங்காலச் சிற்பங்கள்மேல் அளவுகடந்த மோகம். அந்தச் சிற்பங்களில் கண்ணுக்கு அழகாக, எடுப்பாகத் தெரிந்த தொப்பி ஃபிரிஜியத் தொப்பி. பாதி முட்டையை வரைவதைவிட மடங்கிய உச்சியை வரைவதில் கைக்குச் சுகம் அதிகம். அது ஏழை சனங்களின் கம்பளித் தொப்பியைப் போலவும் இருந்தது. சட்டென்று ஒட்டிக்கொண்டது.

ஆக, பொருள் ரோமுடையது, வடிவம் ஃபிரிஜியாவுடையது, நிறமும் துணியும் பிரெஞ்சுத் தெருவுடையவை. இன்று நாம் ‘விடுதலைத் தொப்பி’ என்று பார்ப்பது இந்தக் கலவையைத்தான்.

பாரிஸ், 1792

பிரெஞ்சுப் புரட்சி 1789இல் தொடங்கினாலும் சிவப்புத் தொப்பி பித்துப் பிடித்ததுபோல் பரவியது 1792 வசந்தத்தில். அதைப் பெரும்பாலும் போட்டவர்கள் ‘சான்-குலோட்’ எனப்பட்டவர்கள். சீமான்களைப்போல முழங்கால்வரை வரும் கால்சட்டை போடாமல், உழைப்பாளிகளின் நீளக் கால்சட்டை போட்டவர்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள். புரட்சிக்காரர் எல்லோருக்கும் தொப்பி பிடித்துவிடவில்லை. மார்ச் மாதத்தில் ஜாக்கபின் என்ற அரசியல் கழகத்தின் கூட்டத்தில் யாரோ புரட்சித் தலைவர்களில் ஒருவரான ரோபெஸ்பியரின் தலையிலும் ஒன்றை வைக்கப் போக, அவர் அதைத் தள்ளிவிட்டாராம். சட்டையில் குத்திய மூவண்ணப் பட்டை போதும் என்பது அவர் கட்சி. பவுடர் பூசிச் சீவிய தலை கலைந்துவிடும் என்ற கவலையும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். உடை விஷயத்தில் அவர் அவ்வளவு கறார்.

மூன்று மாதத்தில் அதே தொப்பி அரசர் தலைக்கு வந்தது. ஜூன் 20 அன்று ஒரு பெருங்கூட்டம் துய்லெரி அரண்மனைக்குள் புகுந்து, பதினாறாம் லூயியை ஒரு சன்னலோரம் மடக்கியது. சிவப்புத் தொப்பி ஒன்று நீட்டப்பட்டது. அரசர் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். நாட்டின் நலத்துக்காக என்று சொல்லி மதுவும் குடித்தார். ஆனால் அவர்கள் கேட்ட அரசியல் கோரிக்கையில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. பல மணி நேரம் அப்படியே நின்றார். தொப்பியை மாட்டிவிட்டால் ஆள் மாறிவிடுவார் என்று நினைத்த கூட்டமும், தொப்பியைப் போட்டுக்கொண்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்த அரசரும் எதிரெதிரே நின்ற அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆகஸ்டில் முடியாட்சி விழுந்தது. அடுத்த சனவரியில் அந்தத் தலையே போயிற்று.

செப்டம்பரில் குடியரசு வந்ததும் அரசு முத்திரையில் அரசருக்குப் பதில் ஒரு பெண் ஏறினாள். கையில் ஈட்டி, ஈட்டி முனையில் தொப்பி. பிற்பாடு ‘மரியான்’ என்று அழைக்கப்பட்டு, தபால்தலையிலும் நகராட்சிக் கூடங்களிலும் இன்றுவரை இருப்பவள் இவள் வழி வந்தவள்தான். முத்திரையில் பெண் இருக்கலாம், தெருவில் வேறு கதை. 1793 அக்டோபரில் புரட்சிப் பெண்கள் சங்கத்தினர் சிவப்புத் தொப்பியோடு சந்தைப் பக்கம் போனபோது, எங்களையும் இதைப் போடச் சொல்கிறாயா என்று சந்தைக்காரப் பெண்களே அடிக்க வந்தார்கள். விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போனது. இன்று தொப்பி கேட்பார்கள், நாளைக்கு இடுப்பில் துப்பாக்கி கேட்பார்கள் என்று ஓர் உறுப்பினர் எச்சரித்தார். சில நாளிலேயே பெண்கள் சங்கங்கள் அனைத்தும் தடைசெய்யப்பட்டன.

இன்னொரு காட்சியையும் விட மனமில்லை. ஸ்ட்ராஸ்பூர்க் நகரத் தேவாலயத்தின் கோபுரம் 142 மீட்டர் உயரம். மற்ற வீடுகளைவிட உயர்ந்து நிற்பது சமத்துவத்துக்கு விரோதம், இடித்துவிடலாம் என்று 1794இல் சிலர் கிளம்பினார்கள். உள்ளூர்ப் பூட்டுத் தொழிலாளி ஒருவர் வேறு யோசனை சொன்னார்: தகரத்தில் ஒரு ராட்சதத் தொப்பி செய்து, சிவப்புச் சாயம் பூசி, கோபுர உச்சியில் மாட்டிவிடுவோம், எல்லை தாண்டியும் தெரியும். மாட்டினார்கள். கோபுரம் பிழைத்தது. தொப்பி 1802வரை அங்கேயே இருந்தது.

கடல் தாண்டிய தொப்பி

பிரான்ஸில் இவ்வளவு ரத்தம் சிந்திய பிறகு தொப்பி மற்ற நாடுகளில் வெறும் ரோமானிய அலங்காரமாக இருக்க முடியவில்லை. பிரிட்டனில் முன்பெல்லாம் நாட்டுத் தேவியான பிரிட்டானியாவின் ஈட்டியிலேயே இந்தத் தொப்பி தொங்கியதுண்டு. 1793க்குப் பிறகு தொப்பி என்றால் தலைவெட்டிகள் என்று அர்த்தமாகிவிட்டது. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டு ஏறக்குறைய 60,000 பேர் திரண்டார்கள். கம்பங்களில் கொடிகளோடு தொப்பிகளும் இருந்தன. கூட்டத்துக்குள் குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அந்தக் கம்பங்களையும் தொப்பிகளையும் பிடுங்குவதற்கென்றே குறிவைத்துப் பாய்ந்தார்கள் குதிரை வீரர்கள்.

நம் பக்கமும் ஒரு சிறு கிளை வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானிடம் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் சிலர் 1797இல் விடுதலை மரம் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் தொப்பியை மாட்டி, திப்புவையும் ‘குடிமகன் திப்பு’ என்று வாழ்த்தினார்கள் என்று, 1799இல் கோட்டையைப் பிடித்தபின் பிரிட்டிஷார் வெளியிட்ட காகிதங்கள் சொல்கின்றன. திப்புமேல் எடுத்த படைக்கு நியாயம் தேடியவர்கள் வெளியிட்டவை என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் பக்கம் போனால் தொப்பி எங்கும் கிடக்கிறது. அர்ஜென்டினா, கொலம்பியா, கியூபா, நிகராகுவா என்று பல நாட்டு அரசுச் சின்னங்களில் அதைக் காணலாம். அவற்றில் ஹைத்தியை மட்டும் தனியாக வைக்க வேண்டும். அதன் சின்னத்தில் ஒரு பனை மரம், மரத்தின் உச்சியில் தொப்பி. மற்ற நாடுகளில் ‘அடிமைத்தளை’ என்பது பேச்சணி. ஹைத்தியில் அப்படியில்லை. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் சங்கிலியில் கிடந்த ஆப்பிரிக்க அடிமைகள் 1791இல் எழுந்து, பதின்மூன்று ஆண்டு போராடி, 1804 சனவரி 1 அன்று தங்கள் நாட்டைத் தாங்களே அறிவித்துக்கொண்டார்கள். பிலியஸின் பழைய பொருளுக்கு மிக அருகில் நிற்கிற தொப்பி அதுதான். ஒரு வித்தியாசம்: ரோமில் தொப்பியை எசமானர் விட்டபிறகு போட்டார்கள், ஹைத்தியில் தாங்களே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

தொப்பி வேண்டாம் என்ற அமைச்சர்

அமெரிக்கா சுதந்திரம் பெற்ற புதிதில் தொப்பியைத் தாராளமாகப் பயன்படுத்தியது. 1793இல் வந்த அரைச் சென்ட் நாணயத்திலேயே விடுதலைப் பெண்ணும் தொப்பியும் உண்டு. 1850களில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் புதிய கும்மட்டம் எழுப்பி, உச்சியில் ஒரு வெண்கலப் பெண் சிலை வைக்கத் திட்டமிட்டார்கள். சிற்பி தாமஸ் கிராஃபோர்ட் அனுப்பிய வடிவத்தில், நட்சத்திரங்கள் சூழ்ந்த விடுதலைத் தொப்பி தலையில் இருந்தது.

கட்டட வேலைக்குப் பொறுப்பாயிருந்தவர் போர்த்துறை அமைச்சர் ஜெபர்சன் டேவிஸ். அவர் மறுத்தார். அவர் சொன்ன காரணத்தை வரலாற்றுப் பாடமாகப் பார்த்தால் துளியும் தவறில்லை: இந்தத் தொப்பி விடுவிக்கப்பட்ட அடிமையின் அடையாளம், அமெரிக்கர்களோ சுதந்திரமாகவே பிறந்தவர்கள், அவர்களுக்கு இது பொருந்தாது. ரோம் பகுதியில் நாம் பார்த்த நுணுக்கம் நினைவிருக்கிறதா? டேவிஸ் அதைச் சரியாகப் பிடித்திருந்தார். பிரச்சினை என்னவென்றால் அவரே மிசிசிப்பியில் அடிமைகளை வைத்துப் பருத்தித் தோட்டம் நடத்தியவர். அவர் பேசிய அந்த நாளில் அமெரிக்காவில் சுதந்திரமாகப் பிறக்காதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். தலைநகரின் உச்சியில் விடுவிக்கப்பட்ட அடிமையின் தொப்பி ஏறினால் அது யாருக்கு என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

கிராஃபோர்ட் தொப்பியை எடுத்துவிட்டு, கழுகுத் தலையும் இறகுகளும் வைத்த தலைக்கவசத்தை மாட்டினார். சிலை முடிவதற்குள் அவர் இறந்துபோனார். இத்தாலியிலிருந்து வந்த மாதிரி வடிவத்தை வெண்கலத்தில் வார்க்கும் வேலை வாஷிங்டனில் கிளார்க் மில்ஸ் என்பவரின் பட்டறைக்குப் போனது. அங்கே பிலிப் ரீட் என்ற அடிமை வேலை செய்தார். சாந்தில் செய்த அந்த மாதிரி வடிவத்தின் பாகங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். பிரிக்க வேண்டும், ஆனால் பாகங்கள் எங்கே சேர்கின்றன என்று தெரியவில்லை. ரீட் உச்சியில் இருந்த இரும்பு வளையத்தில் கயிறு கட்டி, கப்பி வைத்து மெல்ல இழுத்தாராம். இணைப்புகள் மயிரிழைக் கோடுகளாகத் தெரிந்தன. ஐந்து பாகமாகப் பிரித்தார்கள். வார்ப்பு அச்சுகளுக்கு அடியில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையையும் ரீட் செய்தார். மற்ற நாள் கூலி எசமானர் மில்ஸுக்கு. ஞாயிற்றுக்கிழமைக் கூலி மட்டும் ரீட்டுக்கு, நாளொன்றுக்கு 1.25 டாலர். 33 ஞாயிற்றுக்கிழமைகளுக்கு 41.25 டாலர் கொடுத்த கணக்கு அரசு ஆவணத்தில் இருக்கிறது.

1860-61இல் தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோயின. அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த அந்தக் கூட்டமைப்புக்கு அதிபரானவர் ஜெபர்சன் டேவிஸ். 1862 ஏப்ரல் 16 அன்று தலைநகர் எல்லைக்குள் அடிமைகளை விடுவிக்கும் சட்டம் வந்தது. ரீட் விடுதலையானார். 1863 டிசம்பர் 2 அன்று சிலையின் தலைப்பாகம் மேலே ஏறி, பீரங்கிகள் முழங்கியபோது அவர் சுதந்திர மனிதர். ‘விடுதலை’ என்று பெயரிட்ட அந்தப் பெண் தலைக்கவசத்தோடு இன்றும் அங்கேதான் நிற்கிறாள். அதே கட்டடத்துக்குள், செனட் சபையின் முத்திரையில், கேடயத்துக்கு மேலே ஒரு சிவப்புத் தொப்பி இருக்கிறது.